செய்திக்கும் கணக்கு உண்டு: காசாவும் வன்னியும்



எங்கள் எல்லிங்ஸ்ருட் வீடுகளில் மாலைச் செய்தி நேரத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்புகிறது. தொலைக்காட்சியில் காசா போகும். பெரியவர்கள் பேசாமல் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் சொல்லுவார்: "எங்கட சனம் செத்த நேரம் இப்பிடிக் காட்டினவங்களோ?" அதே நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பலஸ்தீனப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். அந்த வீட்டார் சொல்வது, நோர்வே ஊடகம் இஸ்ரேலின் பக்கம் என்று. இஸ்ரேலை நேசிக்கும் நோர்வேக்காரரிடம் கேட்டால், என்.ஆர்.கே. பலஸ்தீனத்தின் ஊதுகுழல் என்பார். 2023 ஒக்டோபருக்குப் பிறகு என்.ஆர்.கே.யின் நிகழ்ச்சிகளைப் பார்வையிடும் ஒலிபரப்பு ஆலோசனைச் சபைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் முறைப்பாடுகள் போயின.

இப்படி இரண்டு பக்கமும் ஏசும்போது ஆசிரியர்மார் வழமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "இருவரும் குறை சொல்கிறார்கள், ஆகவே நாங்கள் நடுவில் நிற்கிறோம்." இதை நான் ஏற்பதில்லை. ஊரில் வர்த்தகம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பரீட்சை மீதி இரண்டு பக்கமும் சமமாக வந்தாலும் உள்ளே பிழை இருக்கலாம். ஒரு பக்கத்தில் விட்ட பிழையை மறுபக்கத்துப் பிழை ஈடுசெய்துவிடும். ஈடுசெய் வழு என்று அதற்குப் பெயரும் வைத்துப் படிப்பித்தார்கள். கணக்காய்வாளன் கூட்டுத்தொகையோடு நிற்கக் கூடாது, ஒவ்வொரு பதிவையும் அதன் ஆதாரச் சீட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். செய்தியிலும் அப்படிப் பார்க்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஆரம்ப மீதி. கதை எந்தத் திகதியில் தொடங்குகிறது? 2023 ஒக்டோபர் 7 என்று தொடங்கினால் ஹமாஸ் இயக்கத்தினர் எல்லை தாண்டிப் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனது முதல் வரி. 1967 என்று தொடங்கினால் ஆக்கிரமிப்பு முதல் வரி. 1948 என்றால் வேறு முதல் வரி. எங்களுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் இலங்கைப் போரைப் பற்றி எழுதும்போது கடைசியில் சேர்க்கும் பின்னணி வாக்கியம் பெரும்பாலும் 1983ல் தொடங்கும், பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதில். 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டமும் 1958ஆம் ஆண்டுக் கலவரமும் அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடும். பொய் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் ஆரம்ப மீதி பிழையென்றால் முடிவு மீதியும் பிழைதான்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழுவைச் சேர்ந்த கிரெக் பைலோ, மைக் பெரி என்ற இருவர் 2004ல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்திகளை வரி வரியாக எண்ணினார்கள், பார்வையாளர்களையும் கேட்டார்கள். மாணவர்களிடம் "யார் யாருடைய நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், குடியேறிகள் யார்" என்று கேட்டபோது, சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். பலஸ்தீனர்தான் ஆக்கிரமிப்பாளர் என்று நினைத்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு நாளும் செய்தி பார்த்தவர்கள் இவர்கள்! கல்லெறிவதையும் குண்டு விழுவதையும் கண்டார்கள். ஏன் என்பது அந்த இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை.

பி.பி.சி.யின் ஆளுநர் சபை சேர் குவென்ரின் தோமஸ் தலைமையில் வெளியாட்களைக் கொண்ட குழுவொன்றை நியமித்துத் தன் மத்திய கிழக்குச் செய்திகளைப் பரிசோதித்தது. வேண்டுமென்று செய்த பக்கச்சார்பு இல்லை என்று குழு 2006ல் சொன்னது. அதோடு, ஒரு பக்கம் ஆள்வதும் மறுபக்கம் ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்வதும் ஆகிய சமமின்மை செய்திகளில் தெரியவில்லை என்றும் எழுதியது. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்லும் செயலைப் பயங்கரவாதம் என்று சொல்லப் பின்நிற்க வேண்டாம், எவர் செய்தாலும் ஒரே அளவுகோலை வை என்றும் சொன்னது. ஒரு முடிவு பலஸ்தீனருக்குப் பிடித்திருக்கும், மற்றது இஸ்ரேலருக்குப் பிடித்திருக்கும். நல்ல கணக்காய்வு அறிக்கை எப்போதும் அப்படித்தான், ஒருவருக்கும் முழுத் திருப்தி இராது.

அடுத்தது வினைச்சொல். தமிழில் இதை விளக்கத் தேவையில்லை. செத்தார், இறந்தார், பலியானார், கொல்லப்பட்டார், வீரச்சாவடைந்தார் என்று ஒரு சாவுக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம், எந்தச் சொல்லை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதிலேயே எங்கள் பக்கம் தெரிந்துவிடும். நோர்வே மொழியிலும் அப்படியே. ஒரு பக்கத்தார் "கொல்லப்பட்டார்கள்", மறுபக்கத்தார் "உயிரிழந்தார்கள்" என்று ஒரே செய்தியில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொன்றவர் பெயரை உடனே சொல் என்று கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 ஒக்டோபர் 17 அன்று காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நடந்தது. இஸ்ரேலியத் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் பலி என்று பலஸ்தீனத் தரப்பு சொன்னதை நியூயோர்க் ரைம்ஸ் தலைப்பில் ஏற்றியது. இஸ்ரேல் மறுத்தது, பலஸ்தீன இயக்கமொன்றின் ரொக்கெட் தவறி விழுந்தது என்றது. ஆறு நாள் கழித்து, ஒக்டோபர் 23 அன்று, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹமாசின் கூற்றில் ஆரம்பச் செய்தி அளவுக்கு மீறித் தங்கிவிட்டது என்று குறிப்பு வெளியிட்டார்கள். ஆதாரச் சீட்டு வர முன்னம் பேரேட்டில் பதிந்ததால் வந்த வினை.

எண்களுக்கு வருவோம். இது என் தொழில், கொஞ்சம் நின்றுதான் போவேன்.

2024 மே மாதம் ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம் காசா இறப்புகளைப் பற்றிய தன் அட்டவணையை மாற்றியது. அதற்கு முன் 14,500க்கு மேற்பட்ட சிறுவர்கள், 9,500 பெண்கள் என்று இருந்தது. மாற்றிய பின் 7,797 சிறுவர்கள், 4,959 பெண்கள். "ஐ.நா. பாதியாகக் குறைத்துவிட்டது, அதுவரை சொன்னதெல்லாம் பொய்" என்று சிலர் கொண்டாடினார்கள், அதைச் செய்தியாகவும் போட்டார்கள். அட்டவணையின் அடியைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மொத்தம் குறையவில்லை, சுமார் 35,000 என்றே இருந்தது. புதிய எண்கள் பெயர், வயது, அடையாள இலக்கம் எல்லாம் உறுதியான 24,686 பேருக்குள் எத்தனை என்பதைக் காட்டின. மீதிப் பத்தாயிரம் பேர் இறந்தவர்கள்தான், விபரம் முழுமையாகவில்லை. பழைய எண்ணோ வேறொரு அலுவலகம் கொடுத்தது. அதையும் சரிபார்க்காமல் பல மாதம் எல்லோரும் எடுத்தாண்டார்கள். இரண்டு பக்கமும் அட்டவணையின் அடிக்குறிப்பை வாசிக்கவில்லை. காசாவின் சுகாதார அமைச்சுப் பட்டியல் போராளியையும் பொதுமகனையும் பிரித்துச் சொல்வதில்லை என்பதும் அந்த அடிக்குறிப்புகளில் ஒன்று.

இப்போது வன்னி. 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக இலங்கையிலிருந்த ஐ.நா. குழு எண்ணி வைத்திருந்தது. அதை அது உரிய நேரத்தில் வெளியிடவில்லை, கசிந்த துண்டுகள்தான் பத்திரிகைகளுக்குப் போயின. அரசாங்கம் பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்றது. 2011 ஏப்ரலில் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் கணக்கு இல்லை என்று காட்டும் தகவல்களையும் குறிப்பிட்டது. ஆக 7,721 என்ற எண் சண்டை முடிய ஐந்து நாளுக்கு முன்னமே நின்றுபோன எண். அந்த எண்ணிக்கைக்குள் வராதவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். இன்றும் வெளிநாட்டுச் செய்தியில் இந்த எண்களில் ஏதோ ஒன்று தனியாக வரும். யார் எண்ணியது, எந்தத் திகதி வரை, எதை விட்டு என்ற மூன்றும் இல்லாமல் வரும் எண்ணை நான் என் மேசையில் ஏற்கமாட்டேன்.

சரி, "எங்களுக்கு ஏன் காட்டவில்லை" என்ற அந்தக் கேள்வி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தவை என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை காசாவில் போர் நடந்தது, சுமார் 1,400 பலஸ்தீனரும் 13 இஸ்ரேலரும் இறந்தார்கள். அதே ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. இரண்டு இடத்திலும் வெளிநாட்டுப் பத்திரிகையாளரை உள்ளே விடவில்லை. அப்படியென்றால் காசா ஏன் நோர்வேயின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தது?

காரணம் பல. இந்த நாட்டில் பெரிய காரணம் இரண்டு வைத்தியர்கள், மட்ஸ் கில்பேர்ட், எரிக் பொசே. எகிப்து வழியாக உள்ளே போய் ஷிபா மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே தொலைபேசியில் நோர்வே மொழியில் பேசினார்கள். அவர்கள் நெடுங்காலமாகப் பலஸ்தீன ஆதரவாளர்கள், ஆகவே சாட்சியாக எடுக்கக் கூடாது என்று விமர்சித்தவர்கள் உண்டு. என் கருத்து, சாட்சிக்குச் சார்பு இருந்தால் நேயருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு அவர் கண்டதைக் கேட்க வேண்டும். சார்பு உள்ளவன் எண்ணிய காயமும் காயம்தான். இவர்களைத் தவிர, சர்வதேசச் செய்தி நிறுவனங்களுக்குக் காசாவுக்குள்ளேயே சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் படப்பிடிப்பாளர்கள் பல ஆண்டுகளாக இருந்தார்கள். படம் நிற்காமல் வந்தது.

வன்னியில் 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவின்படி ஐ.நா. அலுவலகங்களே வெளியேறிவிட்டன. மிஞ்சியவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கிய தமிழ் வைத்தியர்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் செல் விழுந்ததையும் இறந்தவர் தொகையையும் அவர்கள்தான் தொலைபேசியில் உலகத்துக்குச் சொன்னார்கள். நோர்வே மொழியில் பேச அங்கே யாரும் இல்லை. போர் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். 2009 யூலை 8 அன்று ஐந்து வைத்தியர்களைக் கொழும்பில் பத்திரிகையாளர் முன் இருத்தி, நாங்கள் கூட்டிச் சொன்னோம், புலிகள் சொல்ல வைத்தார்கள் என்று சொல்லச் செய்தார்கள். அவர்களுள் ஒருவரான துரைராசா வரதராஜா பின்னர் அமெரிக்காவுக்குப் போய், அது அழுத்தத்தில் சொன்னது என்று கூறினார். தடுப்பில் இருக்கும் மனிதன் சொல்வதை எவ்வளவுக்கு எடுக்கலாம் என்பதை அன்றைய செய்தி வாசகருக்கு விளக்கியிருக்க வேண்டியது ஊடகத்தின் கடமை. விளக்கியவையும் உண்டு, இரண்டு தரப்பும் இப்படிச் சொல்கின்றன என்று விட்டுவிட்டவையும் உண்டு.

இலங்கைக்குள்ளே நிலைமை சொல்லத் தேவையில்லை. பி.பி.சி.க்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில். சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று, அந்தக் காசாப் போர் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில். 2009 பெப்ரவரியில் பி.பி.சி. உலக சேவை, தன் ஒலிபரப்புகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இடையில் தடுக்கிறது என்று சொல்லி, அதற்கு நிகழ்ச்சி கொடுப்பதையே நிறுத்தியது. தமிழோசை கேட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் அறுந்துபோனதை ஊரிலிருந்த சொந்தங்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காசாவில் 2023க்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பலஸ்தீனர். உள்ளூர்ச் சாட்சி இருந்தும் இல்லாமற்போவது இப்படித்தான்.

ஒஸ்லோவில் என்ன நடந்தது? ஸ்தூர்திங்கே முன்னால் குளிரில் குழந்தைகளோடு நின்றோம். 2009 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று, சிலர் இலங்கைத் தூதரகத்துக்குள் புகுந்து உடைத்தார்கள். அடுத்த நாள் கொழும்பு, நோர்வே இனி அனுசரணையாளர் இல்லை என்றது. உடைந்த கண்ணாடி நல்ல படம், அமைதியாக நிற்பவன் நல்ல படமில்லை. இது பத்திரிகைத் தொழிலின் குணம். அதைத் தெரிந்தும் கண்ணாடியை உடைத்துக் கொடுத்தது எங்கள் பக்கத்து மடமை என்றுதான் நான் சொல்வேன். கோபப்படுபவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள்.

பிரித்தானியாவில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பரமேஸ்வரன் சுப்பிரமணியம் என்ற இளைஞர் 2009 ஏப்ரலில் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஒக்டோபரில் டெய்லி மெயில், தி சன் இரண்டும் அவர் கள்ளமாக மக்டொனால்ட்ஸ் சாப்பிட்டார், பொலிஸ் கமரா கண்டுபிடித்தது என்று எழுதின. எங்கள் சனமே அதை நம்பியது, அவரை ஒதுக்கியது, அவர் சாகவும் நினைத்தார். அவர் வழக்குப் போட்டார். அப்படிப்பட்ட வீடியோ ஆதாரம் எதுவும் இல்லை என்று பொலிஸ் சொன்னது. 2010 யூலையில் இரண்டு பத்திரிகைகளும் செய்தி பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண் கொடுத்தன. ஆதாரச் சீட்டு எங்கே என்று ஒரு தனி மனிதன் கேட்டதற்கு இரண்டு பெரிய பத்திரிகைகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. பர்கர் கதை இன்றும் சிலரின் வாயில் இருக்கிறது, தீர்ப்புக் கதை இல்லை.

எதிர்ப்பக்கமும் முறைப்பாடு செய்யும். சனல் 4 தொலைக்காட்சி 2011 யூன் 14 அன்று இலங்கையின் கொலைக்களங்கள் படத்தைக் காட்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் ஒவ்கொம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குப் போயின. ஒக்டோபரில் ஒவ்கொம் விதிமீறல் இல்லை என்றது. அந்தப் படம் புலிகள் மக்களைக் கேடயமாக்கியதையும் சொன்னது, அரசாங்கத்தின் பதிலையும் வைத்தது. அதனாலேயே அது நின்றது. எங்கள் சிலருக்கு அந்தப் பகுதி அன்று பிடிக்கவில்லை. அதே ஒவ்கொம் 2025 ஒக்டோபரில், காசாச் சிறுவர்களைப் பற்றி பி.பி.சி. காட்டிய விவரணப் படமொன்று பார்வையாளரைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்புச் சொன்னது. கதை சொன்ன சிறுவனின் தகப்பன் ஹமாஸ் நிர்வாகத்தில் பிரதி அமைச்சர் என்பதை மறைத்தது குற்றம். அந்தச் சிறுவன் பட்ட துன்பம் பொய்யில்லை. ஒரு வரியில் சொல்லியிருந்தால் படம் நின்றிருக்கும்.

எங்கள் தராசையும் பார்க்க வேண்டும். இஸ்ரேல் விற்ற கிபிர் விமானங்கள் எங்கள் ஊர்களில் குண்டு போட்டதைச் சொல்லி இஸ்ரேலுக்கு எதிராக நிற்பவர்கள் எங்களில் உண்டு. பலஸ்தீனத் தலைவர் அப்பாஸ் 2014 ஜனவரியில் மகிந்த ராஜபக்சவுக்குப் பலஸ்தீன நட்சத்திரம் என்ற விருதைக் கொடுத்ததைச் சொல்லி, "அவங்களுக்கு ஏன் நாங்கள் அழவேணும்" என்பவர்களும் உண்டு. இரண்டும் உண்மைச் சம்பவம். ஆனால் கான் யூனிசில் ஒரு பிள்ளை எப்படிச் செத்தது என்ற செய்தியைச் சரிபார்க்க இவை இரண்டும் உதவாது. எங்கள் சொந்த ஊடகங்களையும் இதே தாளில் போட்டுப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டதற்கு எங்கள் பத்திரிகைகளும் வானொலிகளும் எத்தனை நிமிடம் கொடுத்தன? தப்பி வந்தவர்களைப் புலிகள் சுட்டதை ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அதே அறிக்கையின் 40,000 என்ற எண்ணை மேடையில் வாசிக்கிறோம், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பற்றை எடுத்து வரவை மறைத்தால் அது கணக்கே அல்ல.

நோர்வேயில் என்ன செய்யலாம்? பத்திரிகைச் சங்கம் 1936ல் ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதி ஒன்று உண்டு, வேர் வார்சொம் பிளகாத்தன். காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வருகிறது. பிள்ளைகளிடம் சொல்லி வாசிக்கச் செய்யுங்கள், இரண்டு மூன்று பக்கம்தான். தலைப்பு செய்தியை மீறக் கூடாது, செய்தி எது கருத்து எது என்று தெரிய வேண்டும், கடுமையாகக் குற்றம் சாட்டப்படுபவருக்கு அதே நேரத்தில் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், பிழையை விரைவாகத் திருத்த வேண்டும். மீறினால் பி.எப்.யூ. என்ற குழுவுக்கு எழுதலாம். ஏழு பேர், நால்வர் ஊடகத்தார், மூவர் பொதுமக்கள். காசு இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, வெளிவந்தபின் குறித்த காலத்துக்குள் அனுப்ப வேண்டும். தனி ஒருவரைப் பற்றிய செய்தியென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். தண்டப்பணம் விதிக்க மாட்டார்கள், ஆனால் பிழையென்று தீர்த்தால் அந்த ஊடகம் அதைத் தானே வெளியிட வேண்டும்.

எழுதினால் எப்போதும் வெல்லலாம் என்று எண்ண வேண்டாம். 2006 யூலையில் டாக்பிளாதெத் பத்திரிகை இஸ்ரேல் பிரதமர் ஒல்மேர்ட்டை நாசி முகாம் அதிகாரிபோல வரைந்தது. இஸ்ரேல் தூதுவரே முறையிட்டார். கேலிச்சித்திரத்துக்குப் பெரிய சுதந்திரம் உண்டு என்று குழு பத்திரிகையின் பக்கம் தீர்த்தது. தூதுவருக்கே அப்படியென்றால், "எங்களுக்கு மனம் நொந்தது" என்ற ஒரே காரணம் எங்களுக்கும் போதாது. எந்த வரி, எந்த விதி, என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். என்.ஆர்.கே. பொதுவாக ஒரு விடயத்தைக் கையாளும் விதம் பற்றியென்றால் ஒலிபரப்பு ஆலோசனைச் சபைக்கு எழுதலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, ஆலோசனைதான்.

அதற்கு முன் எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு போடுங்கள். திகதி, நிகழ்ச்சி, எத்தனை நிமிடம், கதை எந்த ஆண்டில் தொடங்கியது, யாருடைய குரல் கேட்டது, கொன்றவர் பெயர் வந்ததா, எண்ணுக்கு மூலம் சொன்னார்களா. ஒரே நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், குறைந்தது நான்கு கிழமை. ஒரே வீட்டில் தகப்பனும் மகளும் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே பேச விடயம் இருக்கும். காசாச் செய்தியையும் இலங்கைச் செய்தியையும் சூடான் செய்தியையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். சூடானின் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அதையும் அப்படியே விட்டுவிடுங்கள். கொப்பிகளை நிலையத்துக்கு அனுப்பினால் வரும் மாதப் பேச்சில் பெயர் சொல்லாமல் தொகையை மட்டும் வாசிப்பேன்.